பச்சை எரிந்த நான்கு திங்கட்கிழமைகள்

துணை ஆட்சியர் சென்னியப்பனுக்கு நற்செவி விருது கொடுத்த அன்று அவருடைய காதுக்கு மாலை போடாத குறைதான். மக்கள் சொல்வதை மாவட்டத்திலேயே மிக நன்றாகக் கேட்கும் அதிகாரி என்று கேடயத்தில் பொறித்திருந்தார்கள். வருடம் முழுவதும் அவருடைய சராசரிக் கவனம் தொண்ணூற்றேழு சதவீதம். அடுத்து வந்தவருக்கு அறுபத்தொன்று. கைதட்டல் ஓய்ந்த பிறகும் சென்னியப்பன் குனிந்த தலை நிமிராமல் நின்றார். அடக்கம் என்று பேசிக்கொண்டார்கள். அடக்கமாவது ஒன்றாவது! பார்த்து எழுதி முதல் மதிப்பெண் வாங்கியவன் தலைமையாசிரியரின் முகத்தைப் பார்க்காமல் நிற்பானே, அந்த நிற்பு அது.

விளக்கைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள் நடக்கிறதல்லவா, அங்கே வந்தது அந்த விளக்கு. அதிகாரியின் காதுக்குப் பின்னால் பொட்டு அளவில் ஒரு வில்லையை ஒட்டுவார்கள். மேசைமேல் ஒரு சிறு விளக்கு, மனு கொடுக்க வந்தவரைப் பார்த்தபடி. அதிகாரி உண்மையிலேயே கேட்டுக்கொண்டிருந்தால் பச்சை, மனம் வேறெங்காவது போய்விட்டால் சிவப்பு. அதிகாரிக்கு அது தெரியாது. எதிரே இருப்பவருக்குத்தான் தெரியும்.

விளக்கு வந்த கையோடு காகித மனுக்களை ஒழித்துவிட்டார்கள். வாயால் சொன்னால் போதும், அதிகாரி கேட்டு, எந்த வகைக் குறை என்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்துவார். பேச்சைப் பதிவு செய்வதில்லை. குரலைப் பிடித்து வைத்துக்கொள்வார்களோ என்று ஜனங்கள் பயந்ததால் அப்படி ஒரு விதி. பச்சை எரிந்ததற்குச் சான்று இருக்கிறது, பிறகு பதிவு எதற்கு?

ஜனங்களும் பழகிக்கொண்டார்கள். அதிகாரியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதை விட்டு விளக்கைப் பார்த்துப் பேசினார்கள். சிவப்பு வந்தால் பேச்சை நிறுத்திவிட்டு, பச்சை வரும்வரை பேருந்துக்குக் காத்திருப்பதுபோல் உட்கார்ந்திருப்பார்கள். விருதுக்கு முந்தின வருடம், விளக்கு வந்த முதல் மாதத்தில் சென்னியப்பனுக்கு முப்பத்தெட்டு சதவீதம்தான் வந்தது. ஒரு பெரியவர் கூட்டத்துக்கு நடுவே எழுந்து, "நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து செகப்பாவே எரியுதய்யா, என்ர பேச்சு அத்தனை கசக்குதா?" என்று கத்தினார். அந்த வார்த்தை சென்னியப்பனைச் செருப்பால் அடித்ததுபோல் இருந்தது. ஒரு நாளைக்கு இருநூறு பேர். எந்த மூளைதான் தாங்கும்?

பயிற்சி கொடுக்க வந்த எஸ்தர் என்ற ஆராய்ச்சிக்காரப் பெண்ணிடம் அவர் தனியாகக் கேட்டார்.

"இது எதை வெச்சும்மா கண்டுபுடிக்குது?"

"மூளைக்குன்னு ஒரு அலை இருக்கு சார். ஒருத்தர் பேசறதை நாம நெஜமாக் கேக்கறப்ப, அவங்க குரல் ஏறி இறங்கற மாதிரியே நம்ம அலையும் ஏறி இறங்கும். வேற நெனப்பு வந்தா அந்த ஜோடி பிரிஞ்சிரும். வில்லை அதைத்தான் பாக்குது."

"சொன்னது புரிஞ்சுதான்னு பாக்குமா?"

"புரியறது மூளையில வேற வேலை சார். அதுக்கு இன்னும் கருவி வரலை. ஆனா குரலை விடாமப் புடிக்கறவங்க அர்த்தத்தை மட்டும் எப்படி விடுவாங்க? சாதாரண மனுஷங்களால அது முடியாது."

சென்னியப்பன் சாதாரண மனிதராக இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவர் பள்ளிக்கூட நாளில் ஆறு வருடம் மிருதங்கம் படித்தவர். வேலைக்கான பரீட்சை எழுதப் போனபோது மிருதங்கம் பரண்மேல் ஏறிவிட்டது, ஆனால் விரலில் இருந்த தாளம் போகவில்லை. ஒரு திங்கட்கிழமை, எதிரே ஒருவர் பட்டா மாறுதலைப் பற்றி மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அவருடைய பேச்சு மூன்று மூன்று அடியாக விழுவதை இவர் கவனித்தார். தகிட தகிட தகிட. அந்த ஓட்டத்தில் மனத்தை ஏற்றிவிட்டுச் சும்மா இருந்தார். அன்று மாலை கணக்கு வந்தது. அந்த ஆசாமிக்கு மட்டும் தொண்ணூற்றாறு.

அதன்பிறகு அவருக்கு யார் பேசினாலும் தாளம்தான். ஒருவர் நாலில் பேசுவார், ஒருவர் ஏழில் தடுக்கி விழுவார். தொடங்கும்போது காதில் விழும் ஒன்றிரண்டு வார்த்தையை வைத்துப் பொத்தானை அழுத்திவிடுவார். மீதிக்கெல்லாம் மூளைக்குள் மிருதங்கம். இருநூறு பேர் வந்து போன பிறகும் களைப்பே தெரியாது, கச்சேரி கேட்டுவிட்டு வந்ததுபோல் இருக்கும். செவிடன் காதில் சங்கு ஊதினால் அவனுக்கு ஒன்றும் கேட்காது, ஊதியவனுக்கும் அது தெரிந்துவிடும். இங்கே ஊதியவர்கள் எல்லாரும் மனம் நிறைந்து எழுந்து போனார்கள். அதுதான் இதில் உள்ள பாவம்.

விருது வாங்கிய பிறகு வந்த மூன்றாவது திங்கட்கிழமை வேலாத்தாள் வந்தாள். வயது நாற்பத்தைந்து இருக்கும். நூல் சேலை, எண்ணெய் வைத்து இழுத்துக் கட்டிய கொண்டை. அவள் வாயைத் திறந்ததுமே சென்னியப்பனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. முகத்தால் அல்ல. ஐந்தடி நடை, தகதகிட தகதகிட என்று போய், நடுவில் ஒரு மூச்சு வாங்கி, பிறகு குறுகலாக ஒரு வரி. இதே பேச்சை முன்பு நான்கு முறை அனுபவித்துக் கேட்டிருக்கிறார். அவள் என்ன சொன்னாள் என்பதில் மட்டும் ஒரு சொல் ஞாபகமில்லை.

"சார், நாந்தானுங்க வேலாத்தா. அங்கன்வாடியில ஆயாவா இருக்கறனுங்க. இருந்தனுங்க. இப்ப நிறுத்தி வெச்சிருக்கறாங்க."

"எதுக்கும்மா?"

"அங்கன்வாடிக்குப் பக்கத்துல, அந்தக் கெணத்துல கொழந்தை உழுந்துருச்சுங்களே சார். தன்ஷிகான்னு, மில்லு வேலைக்குப் போறவிங்க புள்ளை. நாலு வயசு."

தாளம் அறுந்தது. சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கெணத்துக்குச் சுத்துச்செவுரு இடிஞ்சு போச்சு, கொழந்தைங்க வெளையாடற எடம், கட்டிக் குடுங்கன்னு உங்ககிட்ட நாலு தாட்டி வந்து சொன்னனுங்களே. அதுவரைக்கும் நானே முள்ளு வெட்டியாந்து அடைச்சு வெச்சிருந்தனுங்க. ஒரு நாளு ஆபீசுல இருந்து ஆளுங்க வந்தாங்க. செவுரு கட்டத்தான் வந்திருக்கறாங்கன்னு நெனச்சனுங்க. அவிங்க பாட்டுக்கு முள்ளை எடுத்துப் போட்டுட்டு, கெணத்தைத் தூர்வாரிட்டுப் போயிட்டாங்க. அப்பறம் மழை பேஞ்சுதுங்க."

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்தது என்பார்களே, அதைச் செய்த குதிரை யார் என்று சென்னியப்பனுக்கு விளங்கிவிட்டது. கிணறு என்ற ஒரு சொல் காதில் விழுந்திருக்கும். குடிநீர், கிணறு தூர்வாருதல். பொத்தானை அழுத்தியாயிற்று. அடுத்த மூன்று வாரமும் அதே ஆள், அதே பொத்தான்.

"நானே குதிச்சுத் தூக்கியாந்தனுங்க. உசுரு இருக்குது. ஆனா தண்ணிக்குள்ள மூச்சில்லாமக் கெடந்ததுல மூளை அடிபட்டுப் போச்சாம். ஓயாமப் பேசற புள்ளைங்க. அது எதுக்கு, இது எதுக்குன்னு என்னைய சோறாக்க உடாது. இப்ப ஒரு பேச்சு இல்லீங்க. பெரியாஸ்பத்திரியில வெச்சிருக்கறாங்க."

இந்த முறை கேட்டுவிட வேண்டும், ஒரு சொல் விடாமல் கேட்டுவிட வேண்டும் என்று சென்னியப்பன் பல்லைக் கடித்துக்கொண்டார். கேட்கவும் செய்தார். ஆனால் அவள் சொல்லும் ஒவ்வொரு வார்த்தைக்கும் உள்ளுக்குள் ஒரு குரல் குறுக்கே விழுந்தது. நானா செய்தேன்? இது வெளியே தெரிந்தால்? ஓய்வு பெற இன்னும் ஏழு மாதம்தானே? கேடயத்தை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

வேலாத்தாள் பேச்சை நிறுத்திவிட்டாள். அவள் கண் விளக்கின்மேல் இருந்தது.

"ஏம்மா, சொல்லுங்க."

"இன்னைக்குச் செகப்பா எரியுதுங்க சார்."

சென்னியப்பனுக்கு முகமெல்லாம் எரிந்தது. ஒரு சொல் கேட்காத நான்கு நாளும் பச்சையாக எரிந்த விளக்கு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிற இன்றைக்கு அவரைக் காட்டிக்கொடுக்கிறது. தவறு விளக்கின்மேல் இல்லை. குழந்தையைப் பற்றி அவள் சொல்லச் சொல்ல அவர் தன்னைப் பற்றித்தானே நினைத்துக்கொண்டிருந்தார்?

"உங்கூட்ல ஏதாச்சும் சங்கடமுங்களா சார்?" என்று வேலாத்தாள் இறங்கிய குரலில் கேட்டாள். "பரவாயில்லீங்க. அந்த நாலு நாளும் அத்தனை நல்லா எரிஞ்சுதுங்க. ஊருல போய்ச் சொன்னேன், நம்ம பேச்சை ஒருத்தர் மதிச்சுக் கேட்டாருன்னு. நாளன்னைக்கு என்ர மேல விசாரணை வெச்சிருக்கறாங்க. ஆபத்து இருக்குதுன்னு நான் மேல சொல்லவே இல்லையாமா. நான் சொன்னதைக் கேட்ட ஆளு நீங்க ஒருத்தருதானுங்க. வந்து சொன்னீங்கன்னாப் போதும்."

கும்பிட்டுவிட்டுப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

உதவியாளர் ரெஹானா பழைய பதிவுகளை எடுத்துக் கொண்டுவந்து வைத்தாள். நான்கு வரி. நான்கிலும் ஒரே வாசகம்: கிணறு தூர்வாருதல், கவனம் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு, தொண்ணூற்றொன்பது.

"நீங்க இதைப் படிச்சாலே போதும் சார். இவ்வளவு கவனமாக் கேட்டவரு தப்பா அழுத்தியிருக்க மாட்டாருன்னு விட்டுருவாங்க. அந்தம்மா தூர்வாரத்தான் கேட்டுதுன்னு முடிஞ்சிரும்."

"நீ பக்கத்து மேசையிலதான இருந்தே ரெஹானா? உன் காதுல என்ன உழுந்துச்சு?"

"செவுருன்னு ஏதோ சொன்ன மாதிரி இருக்குது சார். சத்தியம் பண்ணச் சொன்னா முடியாது. உங்க வெளக்கு பச்சையா இருந்துச்சு. நான் எதுக்குக் கேக்கோணும்னு விட்டுட்டேன்."

புதன்கிழமை முற்பகல் விசாரணை. நடத்தியவர் கூடுதல் ஆட்சியர் மேகலை, கறார் என்று பெயர் எடுத்தவர். மேசைக்கு ஒரு பக்கம் வேலாத்தாள், மறுபக்கம் சென்னியப்பன், ஓரத்தில் ரெஹானா. பதிவைப் படித்துவிட்டு மேகலை கண்ணாடியைக் கழற்றினார்.

"சார், கவனம் தொண்ணூற்றொன்பது வரைக்கும் வந்திருக்கு. இந்தம்மா சுவரைப் பத்திச் சொன்னாங்களா, தூர்வாரச் சொன்னாங்களா? ஒரே வார்த்தையில சொல்லுங்க, முடிச்சிரலாம்."

பதிவில் இருப்பதுதான் என்று சொன்னால் சென்னியப்பன் தப்பித்தார், வேலாத்தாள் தொலைந்தாள். சுவர் என்று அவள் சொன்னதைக் கேட்டேன் என்றால் அது பொய். இரண்டுக்கும் நடுவில் இருந்த உண்மையோ வாய்விட்டுச் சொல்லக் கூசுவதாக இருந்தது. அவர் திங்கட்கிழமையிலிருந்து காதுக்குப் பின்னால் கழற்றாமல் விட்டிருந்த வில்லையைப் பிய்த்து மேசைமேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாது மேடம். நான் கேக்கலை."

"என்ன சார் சொல்றீங்க? பச்சை எரிஞ்சிருக்கே!"

"எரியும். நான் பேச்சைக் கேக்கலை, தாளத்தைக் கேட்டேன். இந்த வருஷம் வந்த யாரோட பேச்சையும் நான் கேக்கலைங்க."

மேகலைக்கு விளங்கவில்லை என்று தெரிந்தது. எப்படி விளக்குவது என்று தெரியாமல் சென்னியப்பன் விரலை மேசைமேல் வைத்தார். தகதகிட தகதகிட என்று ஐந்தைந்தாகத் தட்டிக்கொண்டு போனார். நான்கு திங்கட்கிழமைகளும் அவர் விரலில் அப்படியே இருந்தன. ஓரிடத்தில் நிறுத்தி, ஒரு மூச்சு விட்டு, குறுகலாக ஒரு வரி தட்டி முடித்தார். ஐம்பத்தொன்பது வயதில் ஒரு துணை ஆட்சியர் விசாரணை அறையில் மேசையைத் தட்டிக் காட்டுகிறார். வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுபடி முதலிலிருந்து தட்டினார். வேலாத்தாளின் உதடு அசையத் தொடங்கியது. அவள் முதலில் முணுமுணுப்பாக, பிறகு வாய்விட்டு, அந்தத் தட்டலின்மேல் ஏறிச் சொன்னாள்.

"கெணத்துக்குச் சுத்துச்செவுரு இடிஞ்சு போச்சுங்க. கொழந்தைங்க வெளையாடற எடமுங்க. நாலு கல்லாச்சும் வெச்சுக் கட்டிக் குடுங்க..." விரல் நின்ற இடத்தில் அவளும் மூச்சு வாங்கினாள். விரல் மீண்டும் அசைந்தது. "நாளைக்கு ஒன்னு ஆச்சுன்னா நாந்தானுங்க பதில் சொல்லோணும்."

சொல்லும் தட்டும் ஒன்றாக முடிந்தன. ஒரு அசை கூடவில்லை, குறையவில்லை.

மேகலை கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "இதை நான் எப்படிங்க பதிவு பண்றது?"

"எழுதிக்கலாம் மேடம்," என்றாள் ரெஹானா. "பேப்பர்ல."

எழுதினார்கள். வேலாத்தாள் நான்கு முறை எச்சரித்தாள் என்றும், கேட்க வேண்டியவர் கேட்கவில்லை என்றும். வேலாத்தாளை வேலையில் திரும்பச் சேர்க்கவும், துணை ஆட்சியர்மேல் நடவடிக்கை எடுக்கவும் பரிந்துரை. சென்னியப்பன் கையெழுத்துப் போட்டார். போட்ட பிறகு, வெட்கக்கேடாக இருந்தாலும், நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் இறங்கியதுபோல் இருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டோம், இனி என்ன வந்தாலும் வரட்டும் என்று ஒரு சின்ன நிம்மதி. அந்த நிம்மதியின் ஆயுள் வாசல்படி வரைக்கும்தான்.

படியில் வேலாத்தாள் உட்கார்ந்திருந்தாள். அவர் வருவதைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் நின்றார்.

"என்னை மன்னிச்சுக்கம்மா" என்றார்.

அவள் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. "அப்ப, கேக்காமலே பச்சை எரியுமுங்களா சார்?"

"எரியும். சத்தத்தைப் புடிச்சாலே எரியும்மா. அர்த்தம் உள்ள போயிருக்கோணும்னு இல்லை."

வேலாத்தாள் தலையை மெல்ல ஆட்டினாள். சேலை முந்தானையை விரலில் சுற்றினாள், பிரித்தாள்.

"தன்ஷிகாவுக்கும் அதே வெளக்கைத்தானுங்க வெச்சிருக்கறாங்க ஆஸ்பத்திரியில. நான் தெனமும் போய்ப் பக்கத்துல உக்காந்து பேசுவனுங்க. காக்கா வந்துச்சு, முட்டை போட்டாங்க, உன்ர தட்டை நான் எடுத்து வெச்சிருக்கறேன், அப்படீன்னு. நான் பேசப் பேசப் பச்சையா எரியுதுங்க சார். நிறுத்துனா அணைஞ்சிருது, பேசுனா எரியுது. அவிங்கம்மா மில்லுல இருந்து வந்து அந்த வெளக்கைப் பாத்துட்டுத்தான் சோறு திங்கறா. உம்புள்ளை எல்லாத்தையும் கேட்டுக்கறா, வாய்தான் இன்னும் தொறக்கலைன்னு நாந்தானுங்க சொல்லிச் சொல்லி வெச்சிருக்கறேன்."

சென்னியப்பன் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். காசு வாங்காத, கோபப்படாத, கேடயம் வாங்கிய மனிதர் அவர். அவர் தந்திரமாகச் செய்ததை அந்தக் குழந்தையின் மூளை இப்போது தந்திரம் தெரியாமல் செய்துகொண்டிருக்கிறதோ என்னவோ. ஒருவேளை குழந்தைக்குப் புரியவும் செய்யலாம். டாக்டரைத்தான் கேட்க வேண்டும் என்ற அதிகாரி பதில் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லவும் அவருக்குக் கூசியது.

"நான் இனி அவிங்கம்மாகிட்டப் போய் என்னன்னு சொல்லட்டுமுங்க?" என்று வேலாத்தாள் கேட்டாள்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் கேட்டாள். அங்கே விளக்கு எதுவும் இல்லை. சென்னியப்பன் பழக்க தோஷத்தில் அந்தப் பேச்சின் தாளத்துக்குள் போய் ஒளிந்துகொள்ளப் பார்த்தார். அவள் சொன்னதெல்லாம் சொல் சொல்லாக, அர்த்தத்தோடு வந்து விழுந்துகொண்டே இருந்தது. தாளம் பிடிபடவில்லை.